கனக்கத் தெரியாதவள்

என் தங்கையைப் போலீஸ்காரர்கள் தூக்கிக்கொண்டு போகிற வீடியோவை எங்கள் ஊரில் பார்க்காதவர்கள் கிடையாது. இரண்டு போலீஸ்காரர்கள் ஆளுக்கொரு அக்குளில் கை கொடுத்துத் தூக்குகிறார்கள். அவள் இடுப்பை இறுக்கி, முதுகை நிமிர்த்தி, கால்விரல்களை அழகாக நீட்டிக்கொண்டு, பல்லக்கில் ஏறுகிற மகாராணி மாதிரி மேலே போகிறாள். அவளுக்குப் பின்னால், தார் ரோட்டில், அவளுடைய மாமியாரை நாலு பேர் தரதரவென்று இழுத்துக்கொண்டு போகிறார்கள். அந்த இழுப்பில்தான் அவருக்கு மணிக்கட்டு முறிந்தது. ஆனால் வீடியோவில் மாமியாரை யார் பார்க்கிறார்கள்? எல்லார் கண்ணும் என் தங்கையின் கால்விரல்கள் மேலேதான்.

"போராட்டத்துக்கு வந்தாளா, பல்லக்குல ஊர்வலம் போக வந்தாளா?" என்று எவனோ கீழே எழுதிப் போட்டான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மறுநாள் டிவியில் ஒரு அதிகாரி அதே வீடியோவைப் போட்டுக் காட்டி, "இவங்க யாரும் இந்தப் பகுதி மக்களே கிடையாது, கூலிக்கு வந்த கூத்தாடிங்க" என்றார். கூத்தாடி என்றதில் எனக்கு வருத்தமில்லை, அது எங்கள் தொழில். கூலிக்கு என்றதில்தான் வயிறு எரிந்தது. எங்களுக்கு எவன் ஒழுங்காகக் கூலி கொடுத்திருக்கிறான்?

நடந்தது இதுதான். எங்கள் பகுதியில் இருந்த ஒரே அரசுப் பிரசவ ஆஸ்பத்திரியை மூடப்போவதாக அறிவித்தார்கள். கட்டடம் பழசாகிவிட்டதாம். இனிமேல் பிள்ளை பெறுகிறவர்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டுமாம். வலி எடுத்தவளை வண்டியில் வைத்துக்கொண்டு அந்தப் பாலத்து நெரிசலில் ஒருதரம் நின்றிருந்தால் இப்படி எழுத அவர்களுக்குக் கை வந்திருக்காது. தங்கையின் மாமியார் அந்த ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தன் ஒரே மகனைப் பெற்றதும் அங்கேதான். பெண்களைத் திரட்டி ஆஸ்பத்திரி வாசலில் உட்காரவைத்தது அவர்தான். மருமகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்திக்கொண்டதும் அவர்தான். "தூக்க வந்தா அடிக்காதீங்க, திட்டாதீங்க. உடம்பைத் தளர விட்டுடுங்க. பொணம் மாதிரி கனக்கணும். ஒரு ஆளைத் தூக்க நாலு பேர் வரட்டும்" என்று காலையிலேயே எல்லாருக்கும் பாடம் நடத்தியிருந்தார். எல்லாரும் அப்படியே செய்தார்கள், என் தங்கை ஒருத்தியைத் தவிர.

அவளால் முடியவில்லை. நாங்கள் சர்க்கஸ்காரிகள். கூடாரம் அடித்து யானை வைத்திருக்கிற சர்க்கஸ் அல்ல. உடம்பை மட்டும் நம்பி மேடையிலும் தெருவிலும் ஆடுகிற சின்னக் குழு. நான் கீழே நின்று தாங்குகிறவள். அவள் என் தோள்மேல் ஏறி நிற்கிறவள். கீழே நிற்கிறவர்களை எங்களுக்குள் 'அடியாள்' என்று கேலி செய்வோம். அந்தப் பட்டத்துக்கு ஏற்ற வாயும் எனக்கு உண்டு. அவளுக்குக் குழுவில் வைத்த பெயர் தக்கை. மேலே போகிறவள் உடம்பை இறுக்கிக் கொடுத்தால்தான் கீழே இருப்பவளால் தூக்க முடியும். தளர விட்டால் அரை மூட்டை ஒரு மூட்டையாகிவிடும், தாங்குகிறவளின் முதுகு போய்விடும். அதனால் அக்குளுக்குக் கீழே ஒரு கை வந்ததும் வயிற்றை இறுக்கு, மூச்சைப் பிடி, தரையை உதைத்து எழும்பு என்பது அவளுக்கு இமை மூடுகிற மாதிரி. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். வந்தது போலீஸ்காரனின் கை என்று மூளைக்கு எட்டுவதற்குள் உடம்பு எழும்பிவிட்டது.

இதையெல்லாம் மாமியாரிடம் சொல்லிப் பார்த்தாள். கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு மூடிய வாய்தான். ஒரே வீட்டில், ஒரே சமையலறையில், இரண்டு பெண்களும் முதுகைக் காட்டிக்கொண்டே புழங்கினார்கள். மருமகள் பக்கத்தில் நிற்கும்போதே, "உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு, தண்ணி வழியுது, குழாயை மூடச் சொல்லு" என்று மகனிடம் சொல்வார். தங்கை வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் மெக்கானிக். எந்த இன்ஜின் என்ன சத்தம் போட்டாலும் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார்; சத்தமே போடாத இரண்டு பெண்களை என்ன செய்வதென்று அந்த மனுஷனுக்குத் தெரியவில்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. போராட்டக் குழுவிலும், "கொஞ்ச நாளைக்கு நீ வராம இரும்மா" என்று பதமாகச் சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரி கேட்டில் பூட்டுத் தொங்கியது. என் தங்கை அந்த வழியாகப் போவதை நிறுத்திவிட்டு, பயிற்சிக்குச் சுற்றுவழியாக வர ஆரம்பித்தாள்.

பயிற்சிக்கூடம் என்று பெருமையாகச் சொல்கிறோமே தவிர, அது ஒரு பழைய அச்சகம். இயந்திரங்களைக் கழற்றி விற்றுவிட்டார்கள். தரையில் மைக்கறை மட்டும் போகவில்லை. அதன்மேல் தடிப்பாய்களை விரித்துக்கொள்வோம். எங்கள் டைரக்டர் நல்ல மனிதர், கோபமே வராது, எதைச் செய்தாலும் "சூப்பர்" என்பார். புது நாடகம் போராட்டங்களைப் பற்றியது என்று அவர்தான் தீர்மானித்தார். பல நாட்டுப் போராட்டப் படங்களைச் சேகரித்துச் சுவர் முழுக்க ஒட்டியிருந்தார். எல்லாம் சரி, ஆனால் அவர் ரோட்டில் ஒருநாளும் உட்கார்ந்தவரில்லை. வெயில் ஒத்துக்கொள்ளாத உடம்பு. அவர் யோசித்த காட்சிகள் எல்லாமே அழகாக இருந்தன. கண்ணீர்ப் புகைக்குப் பதிலாக, கை வழுக்காமல் இருக்க நாங்கள் பூசிக்கொள்கிற வெள்ளைப் பொடியை ஊதுவோம். ஆள் உயர இரும்பு வளையத்துக்குள் ஒருத்தி நின்று கூட்டத்தைச் சுற்றி உருளுவாள். கடைசியில் எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் ஏறிக் கோபுரம் கட்ட, உச்சியில் என் தங்கை கொடி பிடிப்பாள்.

மூன்றாவது வாரம் அவள் கோபுரத்தின் உச்சியில் நின்றுகொண்டே பேசினாள். கீழே என் தோள் எரிந்துகொண்டிருந்தது.

"டைரக்டர், சுவத்துல இருக்கிற படத்தையெல்லாம் ஒருதரம் பாருங்க. தூக்கிட்டுப் போறாங்க, இழுத்துட்டுப் போறாங்க, ரோட்டுல போட்டு மிதிக்கிறாங்க. நம்ம நாடகத்துல யாரும் யாரையும் இழுக்கவே இல்லையே. எல்லாரும் ஏறிக்கிட்டே இருக்கோம்."

"நீ முதல்ல இறங்கித் தொலைடி, அப்புறம் பேசு" என்றேன்.

இறங்கினாள். டைரக்டரின் எதிரில் போய் நின்றாள். "எனக்கு ஒரு காட்சி வேணும். ரெண்டு பேர் என்னைத் தூக்க வரணும். அவங்களால தூக்க முடியக் கூடாது. அதை ஆஸ்பத்திரி வாசல்ல, எங்க அத்தை பாக்கணும். வேற எனக்கு ஒண்ணும் வேணாம்."

முதல் தடவையாக டைரக்டர் வாயிலிருந்து சூப்பர் வரவில்லை. "செய்யலாம்மா" என்று மட்டும் சொன்னார். அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

சொல்லிவிட்டோம், செய்ய வேண்டுமே. குழுவில் இன்னொரு தாங்குகிற ஆள் உண்டு. பெயர் மலை. பார்த்தால் பயமாக இருக்கும், பேசினால் பாவமாக இருக்கும். நானும் மலையும் போலீஸ்காரர்கள். பாயில் உட்கார்ந்திருந்த தங்கையின் அக்குளில் கை கொடுத்தோம். காற்றில் போனாள். மறுபடி உட்காரவைத்தோம். மறுபடியும் போனாள். "ஈரத் துணி மூட்டைன்னு நினைச்சுக்க" என்றார் டைரக்டர். அவள் கண்ணை மூடி, துணி மூட்டை என்று நினைத்துக்கொண்டு, மிகவும் நேர்த்தியாக எழும்பினாள். நினைப்பு என்னவோ மூட்டைதான், உடம்பு தக்கை.

"எப்படின்னு நீ காட்டுடா" என்று மலையைப் படுக்கச் சொன்னேன். அவன் பாயில் சாய்ந்து மூச்சை விட்டான், அவ்வளவுதான். கீழுதடு தொங்கியது, வயிறு ஒரு பக்கமாகச் சரிந்தது. நாலு பேர் சேர்ந்து இழுத்தோம். சட்டை கழன்று எங்கள் கையோடு வந்தது, அவன் வரவில்லை.

"எப்படிண்ணே பண்றீங்க?" என்று தங்கை ஏக்கமாகக் கேட்டாள்.

"நான் ஒண்ணும் பண்ணலம்மா. அதான் விஷயம்" என்றான் மலை.

பேசாமல் அந்தக் காட்சியை மலைக்கே கொடுத்துவிடலாம் என்று டைரக்டர் மெதுவாக ஆரம்பித்தார். தங்கை கேட்டுக்கொண்டே மணிக்கட்டுக்குத் துணிப்பட்டி சுற்றினாள். "மானம் போனது என் உடம்பால. அண்ணன் உடம்பை வச்சு அதை மீட்க முடியுமா?" என்றாள்.

ஒரு மத்தியானம் களைத்துப்போய்ப் பாயிலேயே தூங்கிவிட்டாள். மலை அதைப் பார்த்துவிட்டு, தூக்கத்தில் தூக்கினால் கனப்பாள் அல்லவா, அந்தக் கனத்தை அவளுக்கே சொல்லிக் காட்டலாம் என்று நல்லெண்ணத்தோடு போய் அக்குளுக்கடியில் கையை நுழைத்தான். கண் திறக்கவில்லை, குறட்டைகூட நிற்கவில்லை. ஆனால் வயிறு இறுகியது, முதுகு நிமிர்ந்தது, கால்விரல்கள் எல்லாம் நீண்டன. டைரக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். எங்கள் டிரம்ஸ்காரர் தரையில் உருண்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, பொய் சொல்வானேன். சத்தம் கேட்டு எழுந்தவள் தானும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். எனக்கு வந்த கோபத்தில் எல்லாரையும் வெளியே விரட்டிக் கதவைச் சாத்தினேன். மலை பாவம், செருப்பைக்கூட எடுக்காமல் ஓடினான்.

இரண்டு பேரும் மைக்கறைத் தரையில் உட்கார்ந்தோம். டீயை ஆற்றி அவள் கையில் கொடுத்தேன்.

"நான் உன்னைத் தூக்குறப்ப நீ எங்கடி பாக்கிற?" என்று கேட்டேன். பல நாளாக எனக்குள் குடைந்துகொண்டிருந்த கேள்வி அது.

"உன் முகத்தை."

"எதுக்கு?"

"வலிக்குதான்னு பாக்கத்தான். உனக்கு முதுகுல பட்டதுலேருந்து, தூக்குறப்ப உன் புருவம் சுருங்குது. சுருங்கினா நான் இன்னும் கொஞ்சம் எழும்பிக் கொடுப்பேன்."

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்கு நடுமுதுகில் எலும்பு விலகியது. டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னார். நான் டாக்டரை ஓய்வெடுக்கச் சொன்னேன். அதற்குப் பிறகும் அவளைச் சிரமமில்லாமல் தூக்கிக்கொண்டிருக்கிறேன் என்பதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. தூக்கியதில் பாதி அவள்தான் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"சரி, நான் உன் அக்கா. போலீஸ்காரன் யாருடி? அவன் முதுகையுமா பாத்த?"

அவள் டீயைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "இடப்பக்கம் வந்தவருக்கு வயசாயிருந்துச்சுக்கா. குனியும்போதே ஒரு கையை இடுப்புல வச்சுக்கிட்டாரு. முதுகு வலிக்காரங்க குனியிற மாதிரி. நீ குனிவியே, அப்படி. அதைப் பாத்துட்டேன். அப்புறம் நான் மேல இருந்தேன்."

தன்னைப் பிடித்துக்கொண்டு போக வந்தவனின் இடுப்பு வலிக்கு இரங்குகிற ஒரு ஜென்மத்தை எந்தப் போராட்டத்தில் கொண்டுபோய் உட்காரவைப்பது? திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். திட்ட வரவில்லை, அவள் தலையில் கையை வைத்தேன்.

மறுநாள் அவளுக்குத் தெரியாமல் அவள் மாமியாரைப் பார்க்கப் போனேன். மாவுக்கட்டைப் பிரித்திருந்தார்கள், ஆனால் விரல்கள் முழுசாக மடங்கவில்லை. ஒரு ரப்பர் பந்தை வலது கையில் வைத்து அமுக்கிக்கொண்டே கதவைத் திறந்தார். நானும் அவரும் பேசினால் பொதுவாக அடுத்த வீட்டில் டிவி சத்தத்தைக் குறைப்பார்கள். அவ்வளவு பொருத்தம்.

"அத்தை, ஞாயித்துக்கிழமை ஆஸ்பத்திரி வாசல்ல எங்க நாடகம். நீங்க வரணும்."

"கூத்து பாக்கிற வயசா எனக்கு?"

"உங்க மருமக உங்களுக்காகத்தான் ஆடுறா."

"எனக்காக ஆட வேணாம். எனக்காக ஒருநாள் ஆடாம இருந்திருந்தா போதும்." பந்தை அமுக்கினார். "விருப்பப்பட்டுப் போனா. என் கண்ணால பாத்தேன்."

நான் சொன்னேன். அக்குளில் கை வந்தால் உடம்பு என்ன செய்யும் என்பதையும், தூக்கத்திலும் அவள் கால்விரல் நீண்டதையும், அந்த வயதான போலீஸ்காரரின் இடுப்பையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். நான் முடித்ததும் அத்தை பந்தை மேஜைமேல் வைத்தார்.

"அவன் முதுகை நினைச்சா. சரி. என் கை முறியறப்ப யாரும்மா யாரை நினைச்சா?"

பந்தை எடுத்து அவர் கையில் திரும்பக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். படியிறங்கும்போது தங்கை வீட்டுக்காரர் எதிரில் வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் கூட்டிட்டு வர்றேன்க்கா" என்றார். அவர் அவ்வளவு உறுதியாக எதையும் சொல்லி நான் கேட்டதில்லை.

போராட்டம் என்று கேட்டபோது கிடைக்காத அனுமதி, கலை நிகழ்ச்சி என்று கேட்டதும் இரண்டே நாளில் கிடைத்தது. போலீஸ் சீருடை மட்டும் போடக் கூடாது என்றார்கள். அட்டையில் தொப்பி செய்து கறுப்புச் சாயம் அடித்துக்கொண்டோம். பாதுகாப்புக்கு என்று நிஜப் போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். டைரக்டர் அவர்களுக்கு நாற்காலி போட்டுக்கொடுத்து முதல் வரிசையிலேயே உட்காரவைத்தார். முந்தின நாள் கடைசிப் பயிற்சியிலும் தங்கை கனக்கவில்லை. கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். "வரலைன்னா விட்டுடுவோம். டிரம் அடிச்சதும் நேரா கோபுரத்துக்குப் போயிடலாம். யாருக்கும் தெரியாது" என்று டைரக்டர் அவளைத் தேற்றினார். யாருக்கும் தெரியாதுதான். தெரியவேண்டிய ஒருத்திக்குத் தெரிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகம். அந்தத் தெருப் பெண்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். பாதிப் பேர் வேடிக்கை பார்க்க, பாதிப் பேர் குறை சொல்ல. "அதோ, பல்லக்கு வருது பாரு" என்று ஒருத்தி சொன்னது என் காதிலேயே விழுந்தது. வெள்ளைப் பொடி பறந்தது, பிள்ளைகள் இருமிக்கொண்டே கைதட்டினார்கள். வளையம் உருண்டது, விசில் பறந்தது. பூட்டிய கேட்டுக்கு முன்னால் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்தோம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு தங்கை வீட்டுக்காரர் வருவதைப் பார்த்தேன். அவருக்குப் பின்னால் அத்தை. கைப்பையை இடுக்கிக்கொண்டு, உட்காரச் சொன்னவர்களுக்குத் தலையாட்டி மறுத்துவிட்டு, முன்னால் வந்து நின்றார்.

நானும் மலையும் எழுந்து அட்டைத் தொப்பிகளைப் போட்டுக்கொண்டோம். டிரம் நின்றது. தங்கை தார் ரோட்டில் உட்கார்ந்திருந்தாள். நான் குனிந்தபோது முதுகில் சுளீர் என்றது. புருவம் சுருங்கியிருக்க வேண்டும். அவள் கண் நேராக அங்கேதான் வந்து நின்றது. அக்குளில் கையைக் கொடுத்தேன். இறுகிவிட்டாள். அந்த இறுக்கம் என் விரலுக்கு அத்தனை பழக்கம். தூக்கினால் போய்விடுவாள். மறுபடி எல்லாரும் சிரிப்பார்கள்.

"என் முதுகைப் பாக்காதடி" என்று அவள் காதுக்குள் சொன்னேன். "உன் மாமியாரைப் பாரு."

அவள் கழுத்தைத் திருப்பினாள். அத்தை நின்றிருந்தார். மடங்காத வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தார். பிடித்திருக்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாது போலிருந்தது. தங்கை அந்தக் கையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். முதலில் அவள் தாடை தளர்ந்தது. அப்புறம் கழுத்து. அப்புறம் அவள் மொத்தமாக என் கைமேல் இறங்கினாள்.

எத்தனையோ வருஷமாக அவளைத் தூக்கியிருக்கிறேன். அவள் எவ்வளவு கனம் என்பது என் கைக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மலையின் பிடி வழுக்கியது. என் முழங்கால் தாரில் மோதியது. தூக்க முடியவில்லை, நிஜமாகவே முடியவில்லை. எழுந்து மறுபடி பிடித்தோம். தலை பின்னால் தொங்கியது, கை ஒன்று என் காலுக்கிடையில் சிக்கியது. வேறு வழியில்லாமல் இழுத்தோம். அவள் குதிகால் ரோட்டில் உரசிக்கொண்டே வந்தது. மேல்சட்டை ஏறிக்கொண்டது, முடி வாய்க்குள் போனது. பார்க்கச் சகிக்கவில்லை. யாரோ ஒருவர் கைதட்ட ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார். பல்லக்கு என்று சொன்ன பெண் வாயைப் பொத்திக்கொண்டு, "இப்படித்தான் இழுத்தாங்க, இப்படித்தான்" என்று அழுதாள். டிரம் அடித்ததும் நாங்கள் நிறுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. டிரம்ஸ்காரர் குச்சியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். அதனால் நாங்கள் இழுத்துக்கொண்டே இருந்தோம்.

முதுகில் ஓர் அடி விழுந்தது. எந்த இடத்தில் எலும்பு விலகியதோ, சரியாக அதே இடத்தில்.

"விடுடி! கையை எடு! அவ என் வீட்டுப் பொண்ணு, விடுடி அவளை!"

அத்தைதான். இடது கையில் கைப்பையின் வாரைச் சுற்றிக்கொண்டு மறுபடி ஓங்கினார். அந்தப் பையில் என்னதான் வைத்திருந்தாரோ, இரும்பு மாதிரி இருந்தது. மலைக்கும் இரண்டு கிடைத்தது. நாற்காலியில் இருந்த நிஜப் போலீஸ்காரர்கள் எழுந்து நின்று, யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் கையை விட்டேன். தங்கை ரோட்டில் சரிந்தாள். அத்தை அவள் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்து, அவள் தலையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, வாயிலிருந்த முடியை எடுத்துவிட்டார். மடங்காத விரலாலேயே எடுத்தார். தங்கை இன்னும் இறுகவில்லை. மாமியார் மடியில் துணி மாதிரிக் கிடந்து, தேம்பித் தேம்பி அழுதாள். நானும்தான் அழுதேன். முதுகு வலியில் என்று மலையிடம் சொல்லிக்கொண்டேன்.

கொஞ்சம் மூச்சு வந்ததும் தவழ்ந்து பக்கத்தில் போனேன். "அத்தை, நான்தான். தொப்பியைப் பாருங்க, அட்டை. இது நாடகம்."

"தெரியும்டி" என்றார், என் பக்கம் திரும்பாமலே. அவர் கை மருமகளின் புழுதி படிந்த முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது. "நீதான்னு தெரிஞ்சுதான் அடிச்சேன். அன்னைக்குப் போலீஸ்காரன் இவமேல கையை வச்சப்பவே எந்திரிச்சு வந்து அடிச்சிருக்கணும். என்னை நாலு பேர் பிடிச்சிருந்தாங்க."